காருக்குள் விழுந்த கீறல்கள்: ஈரத்துணியும் ஹீட் கன்னும்

மாங்காய் சீசன் முடிந்து ஆடி பிறக்கும்போது, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கிற வீட்டுக் கார்கள் பலவற்றின் டிக்கி ஒரே கோலத்தில்தான் இருக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் பிளாஸ்டிக் கிரேட் உரசிய வெள்ளைக் கோடுகள். தரையில் மாம்பால் சொட்டிக் கருத்த கறை. கிரேட்டை இழுத்து இழுத்துத் தேய்ந்துபோன வாசல் விளிம்பு. எங்கள் ஹேட்ச்பேக்கும் அப்படித்தான் இருந்தது. சந்தூர் பக்கம் மாமனார் தோப்பிலிருந்து பெங்களூராவும் செந்தூராவும் அதில்தான் வரும். மற்ற மாதங்களில் இராயக்கோட்டையிலிருந்து தக்காளி. வண்டி உழைக்கிறது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. உழைக்கிற வண்டியைப் பார்க்க லட்சணமாக வைத்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

வெளியே பெயிண்டில் கீறல் விழுந்தால் என்ன செய்வது என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே பிளாஸ்டிக்கில் விழுந்தால் இரண்டே பதில்தான் கிடைக்கிறது. ஒன்று, “பாலிஷ் போட்டுத் துடைங்க, தெரியாது.” இன்னொன்று, “பேனலையே மாத்திடுங்க.” முதல் பதில் ஒரு வாரம் தாங்கும். இரண்டாவது பதில் பல ஆயிரம் ரூபாய். நடுவில் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. இந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து என் வண்டி முழுக்கச் செய்தேன். எது பலித்தது, எது பலிக்காது, ஏன் என்பதை எழுதி வைக்கிறேன்.

வேலையை ஆரம்பிக்கும் முன் எங்கே எந்த மாதிரிக் கீறல் என்று ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டேன். டிக்கிச் சுவர்களில் கிரேட் உரசல். பின் கதவுகளின் அடிப்பாகத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூட ஷூ இடித்த தடம். சாவி போடும் இடத்தைச் சுற்றி, சாவிக்கொத்து ஆடி ஆடி விழுந்த பொடிக் கோடுகள். கியரைச் சுற்றியும் ஏசி பட்டன்களைச் சுற்றியும் பளபள கருப்புப் பட்டையில் வெயில் பட்டால் மட்டும் தெரிகிற மெல்லிய கோடுகள். டிரைவர் கதவுக் கைப்பிடியின் வெள்ளி நிற வளையத்தில் நகம், மோதிரம் பட்ட கீறல். பார்ப்பதற்கு எல்லாம் கீறல்தான். வைத்தியம் மட்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்தால் இருக்கிற கீறலைவிடப் பெரிய தழும்பு வரும்.

இதில் எனக்கு வழி காட்டியது என் மைத்துனர். ஓசூர் சிப்காட்டில் பிளாஸ்டிக் மோல்டிங் வேலை பார்க்கிறவர். டிக்கிச் சுவரைக் கழற்றி அவரிடம் காட்டினேன். கீறலை அவர் பார்க்கவே இல்லை. பேனலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே இரண்டு கூர்க் குறிகளுக்கு நடுவே ‘பிபி-டிடி20’ என்று ஆங்கில எழுத்தில் அச்சு விழுந்திருந்தது.

“மாமா, இது பாலிப்ரொப்பிலீன். இருபது பெர்சன்ட் டால்க் கலந்தது. நீங்க சூடு காட்டலாம். ஏபிஎஸ்னு போட்டிருந்தா அது வேற வகை பிளாஸ்டிக், கொஞ்சம் யோசிக்கணும்.”

டால்க் என்றால் முகப்பவுடரில் இருக்கிற அதே கல்தூள்தான். பிளாஸ்டிக் விறைப்பாக நிற்க அதைக் கலக்கிறார்கள். காரின் உள்பக்கச் சுவர்கள், கதவு அடிப்பாகம், தூண் மூடிகள் பெரும்பாலும் இந்தக் கலவைதான். கழற்றின துண்டுகளில் பெரும்பாலானவற்றின் முதுகில் இப்படி ஒரு குறி இருக்கும். அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவது, மருந்து சீட்டைப் பார்த்துவிட்டு மாத்திரை போடுகிற மாதிரி.

கருப்பு பிளாஸ்டிக்கில் கீறினால் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? பலரும் நினைப்பது போல மேல்நிறம் உரிந்து உள்ளே இருக்கிற வெள்ளை வெளியே வரவில்லை. இந்தப் பேனல்களில் மேல்நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. பிளாஸ்டிக் முழுக்க அதே கருப்பு, அதே சாம்பல். கூர்மையான ஒன்று இழுத்துக்கொண்டு போகும்போது மேற்பரப்பு கிழிந்து, பொடிப் பொடிப் பிசிறாக எழும்பி நிற்கிறது. அழுத்தம் பட்ட இடத்தில் டால்க் துகளைச் சுற்றி நுண்ணிய வெற்றிடங்களும் விழுகின்றன. வெளிச்சம் அந்தப் பிசிறிலும் வெற்றிடத்திலும் பட்டு எல்லாப் பக்கமும் சிதறுகிறது. அந்தச் சிதறல்தான் நம் கண்ணுக்கு வெள்ளை. ஆக, பெரும்பாலான இடங்களில் பிளாஸ்டிக் காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நாம் செய்ய வேண்டியது கீறலை அழிப்பது இல்லை. கீறின இடமும் பக்கத்து இடமும் வெளிச்சத்தை ஒரே மாதிரி திருப்பி அனுப்பும்படி செய்வது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லா முடிவும் தானாக வந்துவிடும்.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஈரத்துணியால் கீறலின் மேல் ஒரு இழுப்பு இழுங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மங்கி, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது மேற்பரப்புப் பிசிறு, சூட்டில் சரியாகும். ஈரத்திலும் அப்படியே பளிச்சென்று நின்றால், ஒன்று, அது வேறு பொருள் ஒட்டிய கோடு. இல்லையென்றால், பிளாஸ்டிக் உள்ளேயே வெளுத்திருக்கிறது. நகத்தை குறுக்கே ஓட்டும்போது ‘டக்’கென்று சிக்கினால் அது பள்ளம். இந்த மூன்றையும் பிரித்துக்கொண்டு மாஸ்கிங் டேப்பில் சின்னச் சின்னத் துண்டு வெட்டி, ஒவ்வொரு கீறல் பக்கத்திலும் ஒட்டி, ‘சூடு’, ‘கழுவு’, ‘பள்ளம்’ என்று எழுதி வைத்தேன்.

நம் ஊரில் டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் பலருக்கு உண்டு. தடவினதும் கீறல் மறைவதற்கும் இதே காரணம்தான். ஒரு பொருள் வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். பாலிப்ரொப்பிலீனுக்கு அது சுமார் 1.49. தேங்காய் எண்ணெயினுடையது சுமார் 1.45. தண்ணீர் 1.33. எண்ணெய் பிசிறுகளுக்கு நடுவே புகுந்து காற்றை வெளியேற்றியதும் பிளாஸ்டிக்கும் எண்ணெயும் வெளிச்சத்துக்கு ஏறக்குறைய ஒரே பொருளாகிவிடுகின்றன, சிதறல் நின்றுவிடுகிறது. கடையில் விற்கிற சிலிகான் ஸ்ப்ரேயும் இந்த வேலையைத்தான் செய்கிறது. ஆனால் எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், வெயிலில் கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டும்போது கண்ணைக் கூச வைக்கும், நாளாக ஆகச் சிக்குப் பிடித்து நாறும். சிலிகானில் இன்னொரு தொல்லை, பின்னால் எப்போதாவது அந்தத் துண்டுக்குப் பெயிண்ட் அடிக்க நினைத்தால் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும். இரண்டையும் மறைப்பு என்று தெரிந்து பயன்படுத்தினால் சரி, தீர்வு என்று நினைத்தால் தவறு.

அடுத்தது கழுவுதல். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்தது, இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஷூ தடம் என்று நினைத்தவற்றில் பெரும்பாலானவை ஷூ அடி ரப்பர் ஒட்டியிருந்த கோடுகள். கார் ஷாம்பூ கலந்த வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான பிரஷ், அப்புறம் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி, இவ்வளவிலேயே போய்விட்டன. மாம்பால் கறைக்கும் இதேதான், ஆனால் ஊற விட வேண்டும். ஈரத்துணியைக் கறை மேல் கால் மணி நேரம் போட்டு வைத்தால் மேலே இருக்கிற பிசின் இளகி வரும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் வண்டிப் பக்கமே வரக்கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் பலவற்றில் இருக்கிற அசிட்டோன், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்தே விடும். எழுத்துக் கறை அழிக்கிற வெள்ளை ஸ்பாஞ்சும் வேண்டாம். அது பார்க்க மெத்தென்று இருந்தாலும் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள். சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் தேய்த்தால் மேடுகளைச் சீவி அந்த இடத்தை மட்டும் மினுமினுக்க வைக்கும்.

டிக்கிச் சுவரில் ஒரு நீலக் கோடு இருந்தது. ஒரு முழம் நீளம், முனையில் அகலமாகி முடிகிற கோடு. நீல நிற கிரேட் உரசியது. ஈரத்துணிக்கு அசையவில்லை, ஆல்கஹாலுக்கும் அசையவில்லை. டார்ச் அடித்துக் கிட்டே பார்த்தால், பேனலின் தோல் வரி மாதிரியான சொரசொரப்பில் மேடுகளின் உச்சியில் மட்டும் நீலம் அப்பியிருந்தது. பள்ளங்கள் சுத்தமாக இருந்தன. அந்த மாதிரி கிரேட்டுகள் ஹெச்டிபிஇ எனும் பிளாஸ்டிக். எந்தக் கரைப்பானுக்கும் லேசில் மசியாது. அது உருகுவது 130 டிகிரி வாக்கில். பேனலின் பாலிப்ரொப்பிலீன் உருகுவது 160 டிகிரிக்குப் பக்கத்தில். அதாவது இந்தக் கோட்டின் மேல் அப்படியே சூடு காட்டினால், முதலில் உருகுவது நீலம்தான். உருகிப் பள்ளத்துக்குள் இறங்கி நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அதனால் ஒட்டியதைச் சுத்தமாக எடுக்காமல் ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) தொடக்கூடாது. பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பைச் சாய்வாகப் பிடித்து, மேட்டின் மேல் மட்டும் படும்படி தள்ளித் தள்ளி எடுத்தேன். பொடிப் பொடியாக நீலச் சுருள் உதிர்ந்தது. மிச்சத்தை நைலான் பிரஷ் எடுத்தது. நீலம் போனதும் கீழே வழக்கமான வெள்ளைத் தடம் தெரிந்தது. ஈரத்துணி போட்டேன், மறைந்தது. சரி, இது சூட்டுக்கு உரியது.

ஹீட் கன்னை ஐந்து ரோடு ரவுண்டானா பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். சூட்டின் அளவைத் திருகி மாற்றுகிற மாதிரி இருப்பதுதான் வேண்டும். இரண்டே சுவிட்ச் உள்ளது இந்த வேலைக்கு ஆகாது. தலை காய வைக்கிற ஹேர் டிரையரால் முடியுமா என்று பலர் கேட்பார்கள். அந்தச் சூடு போதாது. பிளாஸ்டிக்கின் மேல்தோல் உருகும் நிலையைத் தொட்டால்தான் பிசிறு படியும்.

என் வண்டியில் கை வைப்பதற்கு முன்னால் காயலான் கடையிலிருந்து ஒரு பழைய டோர் பேட் (கதவின் உள்பக்கப் பேனல்) வாங்கி வந்தேன். வேறு மாடல்தான், ஆனால் முதுகில் பிபி என்றே இருந்தது. அதில் வேண்டுமென்றே ஸ்குரூ டிரைவரால் கீறி, வேண்டுமென்றே அளவுக்கு மீறிச் சூடு காட்டினேன். எல்லையைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. நிகழ்கிற வரிசை இதுதான்: முதலில் ஒன்றுமே தெரியாது. அப்புறம் வெள்ளைக் கோடு ஒரு முனையிலிருந்து கருக்க ஆரம்பிக்கும், கண் முன்னால் கோடு சுருங்கிக்கொண்டே போகும். அதுதான் நிறுத்த வேண்டிய கணம். அதற்கு மேலும் பிடித்தால் மேற்பரப்பு ஈரம் பட்ட மாதிரி மினுங்கும். அந்த மினுக்கம் ஆறினாலும் போகாது, ஏனென்றால் சொரசொரப்பின் மேடுகள் சரிந்துவிட்டன. இன்னும் பிடித்தால் பேனல் தொய்ந்து நெளியும். கருப்பதற்கும் மினுங்குவதற்கும் நடுவில் கிடைக்கிற நேரம் சில நொடிகள்தான். கையும் கண்ணும் அதற்குப் பழகினபிறகு டிக்கிச் சுவருக்குப் போனேன்.

வேலை செய்த விதம்: முனையில் 300 டிகிரி வருகிற அளவில் திருகி வைத்து, அரை சாண் தூரத்தில் பிடித்து, கையை நிறுத்தாமல் கீறலின் நீளவாக்கில் போய் வர வேண்டும். ஒரே இடத்தில் ஒரு மூச்சு நேரம் நின்றாலும் புள்ளி விழும். கோடு கருத்ததும் கன்னை உடனே விலக்கிவிட்டு, தானாக ஆற விட வேண்டும். சூடாக இருக்கும்போது துணியால் துடைப்பதோ விரலால் அழுத்துவதோ கூடாது. இளகிய மேடுகள் நசுங்கிவிடும். ஒரு தடவையில் முக்கால்வாசி போனால் போதும் என்று விட்டுவிட்டு, முழுக்க ஆறினபிறகு மறுபடி பார்ப்பது நல்லது. கடைசியாகக் கீறலைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு லேசாகச் சூடு ஓட்டினால், சரிசெய்த இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் எல்லை தெரியாது. கிரேட் உரசல்களில் பெரும்பாலானவை இப்படியே போயின. நீலக் கோடு இருந்த இடத்தை இப்போது என் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டால் சரியாகக் காட்ட மாட்டார்.

எங்கெல்லாம் ஹீட் கன் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் விளையாட்டு கிடையாது. எஸ்ஆர்எஸ் ஏர்பேக் என்று எழுதியிருக்கிற எந்த மூடியிலும் கூடாது: ஸ்டீயரிங் நடுப்பகுதி, இடது பக்க டேஷ்போர்டு, பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டின் ஓரம், திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் கண்ணாடித் தூண் மூடி. அந்த மூடிகள் விபத்தின்போது குறித்த கோட்டில் கிழிய வேண்டும் என்று செய்யப்பட்டவை. சூட்டில் அவற்றின் தன்மையை மாற்றக்கூடாது, உள்ளே வெடிபொருளும் இருக்கிறது. தொட்டால் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கிற பூச்சுப் போட்ட பிளாஸ்டிக்கிலும் வேண்டாம், அந்தப் பூச்சு பொங்கிப் பிசுபிசுக்கும். பளபள கருப்பிலும், பெயிண்ட் அடித்த துண்டிலும், பின்னால் வயரோ ஸ்பாஞ்சோ ஒட்டியிருக்கிற இடத்திலும் வேண்டாம். முடிந்தவரை பேனலைக் கழற்றி வெளியே வைத்துச் செய்வதுதான் நிம்மதி. என் டிக்கிச் சுவர் மூடிக்குள் ஒளிந்திருந்த ஸ்குரூக்களிலும் பிளாஸ்டிக் கிளிப்புகளிலும் நின்றது. இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் புதுக் கீறல் விழும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் மலிவாகவே கிடைக்கிறது. காலைக் குளிரில் கிளிப்புகள் சட்டென்று உடையும், பத்து மணி வெயில் ஏறினபிறகு கழற்றினால் வளைந்து கொடுக்கும்.

சாவி போடும் இடம் வேறு கதை. அங்கே பொடிக் கோடுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருந்தன. மூடியின் முதுகில் ஏபிஎஸ் என்று இருந்தது. ஏபிஎஸ் 105 டிகிரிவாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். அது பாலிப்ரொப்பிலீன் போலப் படிவதும் இல்லை. சுற்றியும் வயர், மேலே ஸ்டீயரிங். அங்கே நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத, தண்ணீர் அடிப்படையிலான, பளபளக்காத (மேட்) டிரெஸ்ஸிங் பூச்சு மட்டும் போட்டேன். பாதிதான் மறைந்தது. அதோடு சாவிக்கொத்திலிருந்து வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன், இனிமேல் விழாது.

பள்ளம் விழுந்த கீறல்கள் எனக்கு மிகவும் பிடித்த வேலையாக அமைந்தன. உடைந்த கிரேட்டின் கூர் விளிம்பு இழுத்துக்கொண்டு போன இடம் ஒன்று இருந்தது. நகம் ஆழமாகவே சிக்கியது. இந்த மாதிரி இடத்தில் பள்ளத்தின் இரு கரையிலும் பிளாஸ்டிக் வரப்பாக எழும்பியிருக்கும். நம் கண் முதலில் பிடிப்பது பள்ளத்தை இல்லை, அந்தக் கரையின் நிழலை. புது பிளேடைப் படுக்க வைத்து, எழும்பினதை மட்டும் சீவி எடுத்தேன். அப்புறம் சூடு காட்டினேன். பாதி மறைந்தது. ஆனால் அந்த இடத்தில் சொரசொரப்பு இல்லாமல் ஒரு வழுவழுப்பான தடம் நின்றது.

அதற்கு மைத்துனர் சொன்ன யுக்தி: “அச்சு எடுத்து அமுக்குங்க மாமா. மோல்டுல நாங்க செய்யறதும் அதுதானே.” அதே பேனலில் கீறல் படாத ஒரு மூலையைச் சுத்தமாகத் துடைத்து, குளியலறை ஓரத்துக்குப் பூசுகிற சிலிகான் சீலன்ட்டை ஒரு விரல் கனத்தில் கால் பங்குக்குப் பூசினேன். வினிகர் வாடை வீசும் அந்தச் சாதாரண சீலன்ட்டே போதும். பாலிப்ரொப்பிலீனில் சிலிகான் ஒட்டாது, அதனால் ஒரு நாள் முழுக்க இறுக விட்டு உரித்தால் ரப்பர் வில்லையாகக் கையோடு வந்துவிடும். உரித்த வில்லையின் அடியில் தோல் வரி அப்படியே பதிந்திருந்தது, மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும். கீறின இடத்தைச் சூடு காட்டி, லேசாக மினுங்க ஆரம்பித்த உடனே வில்லையை வைத்து, அதன் மேல் ஒரு மரத்துண்டை வைத்து அமுக்கிப் பிடித்தேன். முழுக்க ஆறினபிறகுதான் எடுக்க வேண்டும். எடுத்துப் பார்த்தபோது வழுவழுப்பு போய் வரி விழுந்திருந்தது. வரிகள் பக்கத்து வரிகளோடு கச்சிதமாகச் சேரவில்லைதான். முகத்தை ஒட்டிக் குனிந்து பார்த்தால் தெரியும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. ஒரு பேனல் விலையைச் சீலன்ட் டியூப் விலையில் மிச்சம் பிடித்த சந்தோஷம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அடுத்து பளபள கருப்பு. இப்போது வருகிற வண்டிகளில் கைபடும் இடமெல்லாம் இதைத்தான் வைக்கிறார்கள், ஷோரூமில் அவ்வளவு அழகாக இருக்கும். நம் ஊருக்கு இது சரிப்படாது என்பது என் அபிப்பிராயம். கிருஷ்ணகிரி, பர்கூர் சுற்று வட்டாரத்தில் கிரானைட் அறுக்கிற, பாலிஷ் போடுகிற பட்டறைகள் எத்தனை! லாரி போகிற சாலையோரத்தில் ஒரு மணி நேரம் கண்ணாடி இறக்கி நிறுத்தினால் உள்ளே மெல்லிசாகத் தூசி படியும். கிரானைட்டில் இருக்கிற குவார்ட்ஸ் கடினத்தில் மோஸ் அளவுகோலில் 7, ஃபெல்ஸ்பார் 6. கத்தி இரும்பே ஐந்தரை வாக்கில்தான். அந்தத் தூசியின் மேல் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் என்ன ஆகும்? பளபள கருப்பில் விழுகிற கீறல்களில் பெரும்பங்கு யாரும் கீறி விழுந்தது இல்லை, நாமே துடைத்து விழுந்தது.

இதில் வைத்தியம் தலைகீழ். சொரசொரப்பான பிளாஸ்டிக்கைப் பாலிஷ் செய்யக்கூடாது, மேடுகள் போய்விடும். பளபள கருப்பு சமமான பரப்பு. கீறலின் கரைகளைத் தேய்த்துச் சமமாக்கினால் மறுபடி கண்ணாடியாகிவிடும். எங்கள் தெருவில் கிரானைட் பாலிஷ் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். நான் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள், நம்பர் ஏற ஏற நைசாக இருக்கும்) வாங்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “எந்த நம்பர்ல ஆரம்பிக்கப் போறீங்க?” 1500 என்றேன். “வேணாங்க. கல்லுல முதல் நம்பர் போடற கோட்டை அடுத்த நம்பர் அழிக்கணும், அதை அதுக்கடுத்தது அழிக்கணும். நடுவுல ஒண்ணைத் தாண்டினா கடைசி பளபளப்புல அந்தக் கோடு எழுந்து நிக்கும். உங்களுதுல கோடே இவ்வளவு மெல்லிசு. கடைசி நம்பர்லேர்ந்தே ஆரம்பிங்க. போகலைன்னா மட்டும் ஒரு படி கீழே வாங்க.” எனக்கு இந்த வேலை முழுக்கக் கிடைத்த புத்திமதிகளில் இதுதான் முதலிடம்.

அதன்படியே செய்தேன். முதலில் தூசியை ஊதி, பிறகு ஷாம்பூத் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைத்த மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல் வைத்து எடுத்து எடுத்துத் தூசியைக் களைந்தேன். பட்டன் இடுக்குகளை மாஸ்கிங் டேப்பால் மூடினேன். பாலிஷ் இடுக்கில் போனால் வெள்ளையாகக் காய்ந்து ஊசி வைத்துக் கிளற வேண்டியிருக்கும். பிறகு கார் பெயிண்டுக்குக் கடைசியாகப் போடுகிற ஃபினிஷிங் பாலிஷ், கடலைப்பருப்பு அளவு, மெத்தென்ற ஸ்பாஞ்சில். கையால்தான், மெஷின் வேண்டாம். பிளாஸ்டிக் சூட்டை வெளியே கடத்தாது, மெஷின் ஓடுகிற இடத்தில் சூடு தங்கிப் பரப்பு இளகும். நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று, துடைத்து, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்து, மறுபடியும். மெல்லிய கோடுகள் எல்லாம் போயின. ஏசி பட்டனுக்கு மேல் ஒரே ஒரு கோடு நகத்துக்குச் சிக்கியது. அதை மட்டும் 3000 நம்பர் வாட்டர் பேப்பரை நன்றாக ஊற வைத்து, சோப்புத் தண்ணீர் விட்டு, கோட்டின் மேல் மட்டும் தேய்த்தேன். அந்த இடம் புகை படிந்த மாதிரி மங்கும், பயப்பட வேண்டாம், அதன் மேல் பாலிஷ் போட்டதும் தெளியும். சில வண்டிகளில் இந்தப் பட்டைக்கு மேல் கெட்டியான கோட்டிங் இருக்கும். அதைத் துளைத்துவிட்டால் திரும்ப வராது. அதனால் பேப்பர் போடுவதற்கு முன்னால் கண் படாத ஓரத்தில் சோதிப்பது அவசியம்.

டூத்பேஸ்ட் போட்டால் போகும் என்று சொல்லாத ஆள் இல்லை. அதில் தேய்ப்புத் தூள் இருப்பது உண்மை, கோடு மங்குவதும் உண்மை. ஆனால் அந்தத் தூள் பல்லுக்காக அளவு பார்த்துப் போட்டது, பளபளப்புக்காக இல்லை. கோடு போன இடத்தில் மெல்லிய மங்கல் நிற்கும், அதை எடுக்க எப்படியும் பாலிஷ் வேண்டும். அப்படியென்றால் நேராகப் பாலிஷுக்கே போய்விடலாம். கண்ணாடி துடைக்கிற அம்மோனியா கலந்த ஸ்ப்ரேயையும் இங்கேயும் ஸ்கிரீனிலும் அடிக்காதீர்கள். இந்த இடங்களில் பாலிகார்பனேட் எனும் பிளாஸ்டிக் இருந்தால், அதில் அது மயிர்க்கோடு விரிசலை உண்டாக்கும். ஆல்கஹாலும் இதற்கு வேண்டாம்.

வேலை முடிந்த கையோடு கியர் சுற்றுப்பட்டைக்கு டிபியு எனும் பிளாஸ்டிக் படம் (ஃபிலிம்) வெட்டி ஒட்டினேன். வெளியே பெயிண்டைக் காப்பாற்ற ஒட்டுகிற அதே படத்தின் மிச்சத் துண்டு, தெரிந்த ஸ்டிக்கர் கடையில் கிடைத்தது. காகிதத்தில் பட்டையின் உருவம் எடுத்து வெட்டி, சோப்புத் தண்ணீர் தெளித்து நகர்த்தி உட்கார வைத்தால் குமிழி இல்லாமல் படியும். இனிமேல் கீறல் படத்துக்குத்தான். துடைக்கும் பழக்கத்தையும் மாற்றியாயிற்று: வண்டியில் ஒரு மென்மையான பிரஷ், ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர். பிரஷ் முதலில், ஈரம் அப்புறம், துணி கடைசி.

வெள்ளி நிறக் கைப்பிடி வளையத்தை நான் தொடவில்லை. அது பிளாஸ்டிக்கின் மேல் அடித்த மெல்லிய பெயிண்ட். பாலிஷ் போட்டால் நாலு தேய்ப்பில் கருப்பு எட்டிப் பார்க்கும். சூடு காட்டினால் பெயிண்ட் கொப்பளிக்கும். டச்-அப் பெயிண்டைப் பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு வைக்கலாம், ஆனால் வெள்ளி நிறம் ஒவ்வொரு கோணத்தில் ஒவ்வொரு மாதிரி தெரியும். தொட்ட இடம் கீறலைவிடத் துலக்கமாக நிற்க வாய்ப்பு அதிகம். கீறல் கருப்புவரை போகாததால் அப்படியே விட்டேன்.

டிக்கி வாசல் பட்டைதான் எதற்கும் மசியவில்லை. வருடக்கணக்கில் கிரேட் இழுத்ததில் அங்கே பிளாஸ்டிக் இடம் மாறவில்லை, உண்மையிலேயே தேய்ந்து போயிருக்கிறது. விளிம்பில் சொரசொரப்பே இல்லை, ஈரத்துணி போட்டாலும் பள்ளம் பள்ளமாகவே தெரிகிறது. அந்த ஒரு துண்டை மட்டும் ஸ்பேர் கடையில் ஆர்டர் சொல்லியிருக்கிறேன். அதன் மேல் படம் ஒட்டலாமா என்று மைத்துனரைக் கேட்டதற்கு, சொரசொரப்பான பாலிப்ரொப்பிலீனில் பசை பிடிக்காது, ஒரு மாதத்தில் ஓரம் கிளம்பிவிடும் என்றார். அதனால் டிக்கித் தரைக்கு வாங்கின ரப்பர் மேட்டை ஒரு முழம் நீளமாகவே வெட்டச் சொன்னேன். சாமான் ஏற்றும்போது மிச்ச நீளத்தை வாசல் பட்டைக்கு மேலே மடித்து பம்பர்வரை தொங்கப் போட வேண்டும். கிரேட் அதன் மேல்தான் வழுக்கி ஏறும். பக்கச் சுவர்களுக்குப் பழைய கோணிப்பையைப் பிரித்து இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டியாயிற்று. புதுப் பட்டை வந்தால் மாட்டுகிற வேலை ஒன்றுதான் பாக்கி.